பொறவு என்றொரு மஞ்சள் பொத்தான்

2021 டிசம்பர் 31. ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை உருவாக்கியவர்கள் அதைக் கைகழுவிய நாள். இனி அதில் ஓட்டை விழுந்தாலும் அடைத்துத் தரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ராஜபாளையத்தில் அந்தத் தேதியை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்களோ தெரியாது. ஜுவைரியா வைத்திருந்தார். அன்று காலையிலேயே முதலாளி ஹரிகிருஷ்ணனின் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"சார், இன்னையோட அது செத்துப்போச்சு. நம்ம பேண்டேஜ் ஆலை ஆப்பை வேற ஒண்ணுக்கு மாத்தணும்."

ஹரிகிருஷ்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓடுதா?"

"ஓடுது."

"பொறவு என்ன? ஓடட்டும்."

இணையத்தில் ஓடும் ஒரு செயலியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாவற்றையும் உள்ளே இருந்து தாங்குகிற எலும்புக்கூடுதான் ஃபிரேம்வொர்க். அதை மாற்றுவதென்றால், நடந்துகொண்டிருக்கும் ஆளின் எலும்பை அவர் நடக்கும்போதே மாற்றுவது. ஜுவைரியா இதைப் பலமுறை விளக்கியிருக்கிறார். "பெயின்ட் மாத்துற வேலைதானம்மா, அதுக்குப் போய் இம்புட்டு பேச்சு" என்று ஹரிகிருஷ்ணன் பலமுறை பதில் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் எப்படிக் கோபப்படாமல் இருந்தீர்கள் என்று கேட்டால், "நான் எங்க கோபப்படாம இருந்தேன்?" என்கிறார் ஜுவைரியா.

வயது முப்பத்து மூன்று. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கணவர் நவாஸ் அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரில் ராஜபாளையம் வருவார். கல்லூரி முடித்த கையோடு ஹரிகிருஷ்ணனின் கம்பெனியில் சேர்ந்தவர். அப்போது அது ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறை. இப்போது அந்த மாடி முழுவதும் அவர்களுடையது. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைதான் போய்விட்டது.

ஜுவைரியா முதன்முதலில் தனியாக எழுதியது, சத்திரப்பட்டி ரோட்டில் உள்ள ஒரு பேண்டேஜ் ஆலைக்கான செயலி. நெய்த துணியை வெட்டி, மடித்து, பொட்டலம் கட்டி, பெட்டியில் அடுக்கி, கடைசியில் நீராவி அறையில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்த அறைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. ஆலையில் எல்லோருக்கும் அது குக்கர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். ஆவி சரியாக ஏறியிருந்தால் நாடாவில் உள்ள வெளிறிய கோடுகள் கறுத்துவிடும். கறுக்கவில்லையென்றால் பெட்டி வெளியே போகக்கூடாது. ஓரமாக வைத்து, கதவு ரப்பரைப் பார்த்து, மறுபடியும் ஏற்ற வேண்டும்.

அந்த குக்கரைப் பார்த்துக்கொள்பவர் பரிபூரணம். மம்சாபுரத்துக்காரர், ஜுவைரியாவைவிட இருபது வயதாவது மூத்தவர். செயலி முதன்முதலில் ஆலைக்கு வந்த நாளில், குக்கர் அறையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு இருவருக்கும் நடந்த சண்டையை ஆலைக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். திரையில் மூன்று பொத்தான்கள். பச்சையில் 'அனுப்பு', சிவப்பில் 'தள்ளு'. நடுவில் மஞ்சளில் 'நிறுத்தி வை' என்று ஜுவைரியா எழுதியிருந்தார்.

"எதை நிறுத்தச் சொல்லுதே? மெஷினையா?" என்றார் பரிபூரணம்.

"இல்லக்கா, பெட்டிய."

"பெட்டி என்ன ஓடிக்கிட்டா இருக்கு, நிறுத்துததுக்கு?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜுவைரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிக்கா, கோடு கறுக்கலேன்னா வாயில என்ன சொல்லுவீக? அதைச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? பொறவு பாப்போம்னு ஓரமா வைப்போம்."

"அப்ப 'பொறவு'ன்னே போட்டுருதேன்."

"போடு. அதுதான் தமிழு."

அன்றிலிருந்து மஞ்சள் பொத்தானின் பெயர் பொறவு, அதாவது பிறகு. அமுக்கினால் அந்தப் பெட்டிகள் காத்திருப்பு வரிசைக்குப் போகும். அனுப்புகிற ஆளின் கைபேசியில் அவை தெரியவே தெரியாது. மறுபடியும் குக்கரில் ஏறிக் கோடு கறுத்து, பச்சையை அமுக்கினால்தான் தெரியும். நல்ல பெட்டியும் கறுக்காத பெட்டியும் ஒரே அறையில்தான் நிற்கும். எதைத் தூக்குவது என்பதைத் திரைதான் சொல்லும். பல வருடங்கள் ஒரு பெட்டிகூடத் தவறிப் போனதில்லை.

போன வருடம் ஆலைக்கு வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் கிடைத்தார். ஒப்பந்தத்துக்கு முன் அவருடைய ஆட்கள் எல்லாவற்றையும் சோதித்தார்கள், கணினியையும் சேர்த்து. ஆதரவு முடிந்துபோன ஃபிரேம்வொர்க்கில் ஓடும் செயலியை ஏற்கமாட்டோம் என்றார்கள். ஜுவைரியா மூன்று வருடமாகச் சொன்னதை அவர்கள் மூன்று வரியில் எழுதி அனுப்பியதும் ஹரிகிருஷ்ணனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. ரியாக்ட் என்ற ஃபிரேம்வொர்க்குக்கு மாறுவது என்று முடிவானது.

ஜுவைரியா தன் வழியைச் சொன்னார். பழசு ஓடட்டும். ஒவ்வொரு திரையாக ரியாக்டுக்கு மாற்றுவோம். மாற்றிய திரையை அதை அமுக்குகிற ஆளிடமே கொடுப்போம். ஒரு வாரம் அவர்கள் வேலை பார்க்கட்டும். சரியாக இருந்தால் அடுத்த திரை. மொத்தம் ஒரு வருடம்.

"ஒரு வருஷமா? அவன் நாலு மாசத்துல கேக்கான்."

"நாலு மாசத்துல மாத்தலாம் சார். மாத்துனது வேலை செய்யுமான்னுதான் தெரியாது."

அப்போது ஹரிகிருஷ்ணனின் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து. "ஒக்க நிமிஷம்" என்று தெலுங்கில் சொல்லி அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஜுவைரியாவைப் பார்க்காமலே சொன்னார். கோயம்புத்தூரில் ஆல்வின் என்று ஒருவர், ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார், நான்கே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார், வேலையை அவரிடம் கொடுத்தாயிற்று. "அவரு ஏதாவது கேட்டா நீ சொல்லு. கேக்காம நீயா போய்க் குழப்பாதே."

தான் பெற்ற பிள்ளைக்குப் பெயர் மாற்றும் விழாவில் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னது போல் இருந்தது என்கிறார் ஜுவைரியா. ஆல்வின் நான்கு மாதத்தில் நாலைந்து முறைதான் கூப்பிட்டார். அதுவும் பாஸ்வேர்டு கேட்டு.

இந்த மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, பழைய செயலியை நிறுத்திப் புதியதை ஓடவிட்டார்கள். ஹரிகிருஷ்ணன் ஆலைக்கு ஸ்வீட் பெட்டிகளோடு போனார். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அதே இடத்தில் அப்படியே இருந்தன. எழுத்து மட்டும் கொஞ்சம் அழகாகியிருந்தது. பார்த்தீர்களா, ஒரு பொத்தான்கூட நகரவில்லை என்று அவர் ஆலை மேனேஜர் ஐயாதுரையிடம் பெருமையாகக் காட்டினார். ஜுவைரியாவை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பரிபூரணம் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே குரல் உயர்ந்திருந்தது.

"ஏட்டி, அந்தப் பட்டன் நீ செஞ்சதுதான?"

"எந்தப் பட்டன்க்கா?"

"மஞ்சளு. பொறவு."

"ஆமா. ஏன்?"

"ஏனா? என்னைய வீட்டுக்குப் போன்னுட்டாக. கறுக்காத பெட்டிய நான் அனுப்பிட்டேனாம். லாரியே திரும்பி வந்துருக்கு. கம்ப்யூட்டர்ல எம் பேரு போட்டு 'அனுப்பலாம்'னு நிக்குதாம். நான் பொறவைத்தான் அமுக்குனேன். ஆண்டவர் சாட்சியா பொறவைத்தான் அமுக்குனேன்!"

நடந்தது இதுதான். புதிய செயலி வந்த பிறகு கோடு கறுக்காமல் போனது அதுதான் முதல் முறை. திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெட்டியைப் பிரிக்கும்போது நாடாவின் கோடுகள் வெளிறியே இருப்பதைப் பார்த்திருக்கிறார். யாருடைய புண்ணிலும் அந்தத் துணி படவில்லை. அந்த நர்ஸின் கண்ணுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆலையில் பார்த்தால், காலை ஷிஃப்டில் பரிபூரணத்தின் பெயரில் அந்தப் பெட்டிகள் அனுப்பப்பட்டதாகப் பதிவு. பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு அவர் ஷிஃப்ட் முடிந்து போயிருக்கிறார். மறுநாள் வந்தபோது பெட்டிகள் இல்லை. மதிய ஷிஃப்ட்காரர்கள் மறுபடியும் ஏற்றி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைக்காமல் என்ன செய்வார்? இத்தனை வருடமும் அப்படித்தானே நடந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஐயாதுரை சொல்லியிருந்தார். அதில் தப்பு பரிபூரணம் மீது என்றால் வேலை போகும். அது மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்குக் கறுக்காத துணி அனுப்பியவர் என்ற பெயரோடு அந்த ரோட்டில் எந்த ஆலையும் அவரைக் குக்கர் பக்கம் விடாது.

ஜுவைரியா டப்பாவை மூடிவிட்டுப் புதிய செயலியின் உள்பக்கத்தைத் திறந்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் பொத்தானுக்கு அடியில், 'அடுத்த கட்டத்துக்கு நகர்த்து' என்ற கட்டளை இருந்தது. குக்கருக்கு அடுத்த கட்டம், அனுப்புவது. ஆல்வினைக் கூப்பிட்டார்.

"ஆல்வின், பொறவு பட்டனுக்கு அடியில என்ன எழுதியிருக்கீக?"

"நெக்ஸ்ட் ஸ்டேஜ்க்கா."

"ஏன்?"

"பொறவுன்னா அதானக்கா? எங்களுக்கும் சாத்தான்குளம் பக்கந்தான். எங்க அம்மா போன் போட்டா மூச்சுக்கு ஒரு தடவை 'பொறவு? பொறவு?'ம்பாக. அடுத்து என்னன்னு கேக்காக. டீம்ல மத்தவங்களுக்கு அந்த வார்த்தையே தெரியல. நான்தான் விளக்கிச் சொன்னேன்."

குரலில் ஒரு பெருமை இருந்தது. சென்னையிலோ பெங்களூரிலோ பிறந்த ஒருவராக இருந்திருந்தால், இது என்ன சொல் என்று கூப்பிட்டுக் கேட்டிருப்பார். ஆல்வினுக்குக் கேட்கத் தேவையே இல்லை. அவருக்குத்தான் சொல் தெரியுமே. 'பொறவு?' என்று ஏற்றிக் கேட்டால் அடுத்து என்ன என்று பொருள். 'பொறவு' என்று இறக்கிச் சொன்னால் இப்போது வேண்டாம் என்று பொருள். ஏற்றமும் இறக்கமும் பொத்தானில் எழுத முடியாதவை.

"பழைய புரோகிராமைத் திறந்து பாத்திருந்தா அது வெயிட்டிங் லிஸ்டுக்குப் போகுதுன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுருக்குமே ஆல்வின்? அதைப் பாக்கலையா?"

"பழசை யாரு எங்களுக்குக் குடுத்தா? உங்க சார் ஸ்கிரீன்ஷாட்தான் குடுத்தாரு. பழசைத் தோண்டுனா லேட்டாகும், படத்தைப் பாத்து எழுதுங்கன்னாரு."

ஜுவைரியாவின் கோபம் அந்த இடத்தில் ஆல்வினை விட்டு இறங்கி, மாடியின் கோடியில் இருக்கும் ஹரிகிருஷ்ணனின் கண்ணாடி அறையைப் பார்த்துத் திரும்பியது. ஒரு செயலியை, அதன் புகைப்படத்தைக் காட்டி, இதேபோல் ஒன்று செய் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டின் படத்தைக் கொடுத்து வீடு கட்டச் சொன்னால் சுவர் நிற்கும். குழாயில் எந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று படம் சொல்லுமா?

ஹரிகிருஷ்ணன் முழுவதையும் கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஐயாதுரை அண்ணாச்சி என்னையும் வரச் சொல்லியிருக்காரு. நீயும் வா. டெக்னிக்கலா ஒரே ஒரு வார்த்தை சொல்லு. டிசைன் பண்ணபடிதான் வேலை செஞ்சுருக்குன்னு. பொய் இல்லையே?"

"டிசைனே தப்பு சார்."

"அதை எதுக்கு நீ சொல்லணும்? அந்த வெளிநாட்டுக்காரன் கையெழுத்துப் போடப் போற நேரம். ஆலை போச்சுன்னா நமக்கு என்ன மிச்சம்? அந்தம்மாவுக்கு நான் வேற எங்கயாச்சும் வேலை பாத்துத் தாரேன்."

"எங்க? உங்க வீட்டுலயா? பாத்திரம் தேய்க்கவா?"

"குரலைக் குறை ஜுவைரியா."

"மூணு வருஷமாக் குறைச்சுத்தான் பேசுனேன் சார். உங்க காதுல விழல."

ஜுவைரியா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கோபம் வந்தால் பசிக்கும் ஆள் அவர்.

அன்று சாயங்காலம் கடையில் நவாஸிடம் சொன்னபோது, அவர் யாருடைய போனையோ பிரித்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"அங்க போய் உள்ளதைச் சொன்னா உன் வேலை போயிரும்ல?"

"போகட்டும்."

"போகட்டும்னா சரி. வெள்ளிக்கிழமைக்கு ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா பாத்துக்கோ. பாதி வழியில நின்னா உன் கோவம் ஆறிரும்."

விசாரணை ஐயாதுரையின் அறையில் நடந்தது. மேசைக்கு ஒரு பக்கம் ஐயாதுரை, இன்னொரு பக்கம் ஹரிகிருஷ்ணன். பரிபூரணம் சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "குத்தவாளி நிக்கத்தான செய்யணும்" என்று மறுத்துவிட்டார். ஜுவைரியா உள்ளே வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஜுவைரியா எதையும் விளக்கவில்லை. குக்கர் அறை டேப்லெட்டை வாங்கி, புதிய செயலியில் ஒரு பெட்டியைப் பதிவு செய்தார். பெட்டி நிற்கும் இடம் என்ற கட்டத்தில் 'மேனேஜர் ரூம்' என்று போட்டார். தன் மடிக்கணினியில் பழைய செயலியைத் திறந்து, அதிலும் அப்படியே ஒரு பெட்டி. இரண்டையும் ஐயாதுரையின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, பெட்டியில கோடு கறுக்கல. நீங்க என்ன செய்வீக?"

"பொறவு பாப்போம்னு ஓரமா வைப்பேன்."

"அப்ப அமுக்குங்க. ரெண்டுலயும்."

ஹரிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஐயாதுரை அதற்குள் அமுக்கிவிட்டார். மடிக்கணினியில், ஒரு பெட்டி காத்திருக்கிறது என்று வந்தது. டேப்லெட்டில் ஒரு பச்சை டிக் வந்து, 'பதிவாகிவிட்டது' என்றது.

"ரெண்டும் சரியாத்தான இருக்கு?" என்றார் ஐயாதுரை.

"செத்த நேரம் இருங்க அண்ணாச்சி."

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் சக்கரங்கள் தடதடத்தன. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, பெட்டி தூக்குகிற சங்கிலிப்பாண்டி தள்ளுவண்டியோடு உள்ளே வந்தார். கையில் கைபேசி. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க ரூம்ல ஒரு பெட்டி இருக்காம். லாரியில ஏத்தணுமாம். எங்க இருக்கு?"

சங்கிலிப்பாண்டி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இதுல மேனேஜர் ரூம்னுதான போட்டுருக்கு?"

"வெளிய போலே" என்றார் ஐயாதுரை. பிறகு ஹரிகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "இது என்னய்யா? நான் ஓரமா வைன்னா, உம்ம மெஷினு லாரியில ஏத்துங்குது?"

"சின்ன வார்த்தைக் குழப்பம் அண்ணாச்சி. இன்னைக்கே சரி பண்ணிரலாம்."

சுவரோரம் இருந்து பரிபூரணத்தின் குரல் வந்தது. "சின்ன வார்த்தையா? அந்த நர்ஸம்மா பாக்காம விட்டுருந்தா, பிள்ளை பெத்தவ வயித்துல வச்சுக் கட்டியிருப்பாவ. அப்ப எவ வந்து நின்னுருப்பா இந்தச் செவத்தோரம்? நாந்தான் நின்னுருப்பேன். போலீஸோட."

ஹரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அன்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. ஐயாதுரை பரிபூரணத்தைப் பார்த்து, "நாளைக்கு ஷிஃப்டுக்கு வந்துரு" என்றார். அவ்வளவுதான்.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போது பரிபூரணம் பின்னால் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று ஜுவைரியா எதிர்பார்க்கவில்லை. இந்தக் கேள்வியையும் எதிர்பார்க்கவில்லை.

"நீ வச்ச பட்டன்னு நம்பித்தான அமுக்குனேன்? எவனோ வந்து உள்ள மாத்தயில நீ எங்க போயிருந்தே?"

"என்னைய விடலக்கா."

"விடலேன்னா? கதவு என்ன பூட்டியா கெடந்துச்சு? ஒரு போன் போட்டு, யக்கா, உள்ள வேற ஆளு கை வச்சுருக்கு, பாத்து அமுக்குங்கன்னு சொல்லக் கூடாது?"

சொல்லிவிட்டு அவர் மம்சாபுரம் மினி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பரிபூரணத்தின் கோபம் நியாயமானது என்கிறார் ஜுவைரியா. தன் கோபத்தைவிட நியாயமானது.

ஜுவைரியாவின் வேலை போகவில்லை. அதற்குக் காரணம் ஹரிகிருஷ்ணனின் பெருந்தன்மை அல்ல. அந்தப் பெண் கைவைத்தால்தான் புதிய செயலியை ஆலைக்குள் விடுவேன் என்று ஐயாதுரை சொல்லிவிட்டார். மறுநாளே ஆலையில் பழைய செயலி மறுபடி ஏறியது. வெளிநாட்டு வாங்குபவரிடம் ஒரு வருட அவகாசம் கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஹரிகிருஷ்ணன் ஜுவைரியாவிடம் நேரில் பேசுவதில்லை. வேண்டியதை அலுவலகத்தில் வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புகிறார். அவர்கள் வந்து சொல்லும்போது ஜுவைரியா வேண்டுமென்றே கண்ணாடி அறைக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல்கிறார்.

ஆல்வின் அதே வேலையில்தான் இருக்கிறார். இப்போது தினமும் கூப்பிடுகிறார். 'தள்ளு' என்றால் கழிப்பதா, பக்கத்தில் நகர்த்துவதா என்று போன வாரம் கேட்டார். ஜுவைரியா முதலில் கத்தினார். பிறகு ஆலைக்குப் போன் போட்டு அதை உறுதி செய்துகொண்டுதான் அவருக்குப் பதில் சொன்னார்.

மஞ்சள் பொத்தானுக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று ஐயாதுரை ஆலையில் கேட்டுப் பார்த்தார். பேரில் என்ன தப்பு, ஆள் மேல்தான் தப்பு என்று குக்கர் அறைப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். பெயர் பொறவுதான்.

ரியாக்டுக்கு மாற்றிய குக்கர் திரை வரும் புதன்கிழமை காலை ஷிஃப்டில் சோதனைக்கு வருகிறது. அமுக்கிப் பார்க்கப்போகிறவர் பரிபூரணம். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது திரையைத் தொடுவார்கள்.